கொழும்பில குளிர்காலமாம்: இங்கிலீஷ் டீச்சர்ட டைம்டேபிள் படுற பாடு

ஜனவரி 6, 2025, பின்னேரம் 5.20
ஒரு தகப்பன் கேட்ட கேள்வி: "மகன் பதினோராம் வகுப்பு, கொழும்பில. பெற்றோர் கூட்டத்தில இங்கிலீஷ் மிஸ் 'இந்த சீசன்ல காலநிலை குழப்பிப்போட்டுது, பாடம் பின்னுக்கு நிக்குது' என்டு சொல்றா. கொழும்பில எங்க காலநிலை? மழை பெஞ்சா குடை பிடிக்கிறதுதானே. கனடாவில முழங்காலளவு ஸ்நோவுக்குள்ள பள்ளிக்கூடம் நடக்குது. இது டீச்சர்மார்ட சாட்டு இல்லாம வேற என்ன?"

ஜனவரி 6, இரவு 9.40
நானும் ஒரு இங்கிலீஷ் மிஸ்தான், கொழும்பு 13 பக்கம், ஆறுல இருந்து பதினொன்டு வரைக்கும் படிப்பிக்கிறன், ஏ.எல் (உயர்தரம்) பிள்ளைகளுக்கு ஜெனரல் இங்கிலீஷும் எடுக்கிறன். உங்கட மகன்ட மிஸ் நான் இல்ல, பயப்பிட வேணாம். குளிர் என்டு பாத்தா நீங்க சொல்றது சரி, கொழும்பில ஜனவரி விடியல்ல 22 டிகிரி வந்தாலே வெள்ளவத்தை அன்ரிமார் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போவினம், பத்து மணிக்கெல்லாம் திரும்ப வேர்த்துக் கொட்டும். பாடம் பின்னுக்குப் போறதுக்கு அந்தக் குளிர் காரணமில்ல. நவம்பரில இருந்து ஜனவரி வரைக்கும் ஒன்டுக்குப் பின்னால ஒன்டா வாற விசயங்கள் இருக்கு, அதச் சொல்ல இண்டைக்கு நேரமில்ல, கட்டுக் கணக்கில கொப்பி கிடக்கு.

ஜனவரி 7, விடிய 5.10
தண்ணி கொதிக்குது, அதுக்குள்ள எழுதுறன்.

போன நவம்பர யோசிச்சுப் பாருங்க. ஏ.எல் பரீட்சை 25ம் திகதி தொடங்கினது, 27ம் திகதி நிப்பாட்டினாங்க. வங்காள விரிகுடாவில தாழமுக்கம், நாடு முழுக்க வெள்ளம், பிறகு டிசம்பர் 4தான் திரும்பத் தொடங்கினது. நிப்பாட்டினது நூறு வீதம் சரி, அதில ஒரு கதையும் இல்ல. ஆனா தள்ளிப்போட்ட பேப்பரெல்லாம் டிசம்பர் கடைசி வரைக்கும் இழுபட்டது. எங்கட பள்ளிக்கூடம் பரீட்சை மண்டபம். ஓ.எல் (சாதாரண தரம்) எழுதப்போற பிள்ளைகளுக்கு, ஏ.எல் பரீட்சைக்காக விட்ட லீவுக்குள்ள ஸ்பெஷல் க்ளாஸ் வைக்கிறதுக்கு அதிபர் எல்லா டீச்சர்மாரிட்டயும் திகதி வாங்கி வச்சிருந்தார். மண்டபம் பரீட்சைக்கு, வகுப்பறை பூட்டு, டீச்சர்மாரில பாதி வேற சென்டர்கள்ல மேற்பார்வைக்கு. எல்லாம் அப்பிடியே காத்தில போச்சு. பதினோராம் வகுப்பு மார்ச் 17ல இருந்து ஓ.எல் எழுதப்போகுது. இப்ப ஜனவரிக்குள்ள எல்லாத்தையும் திணிக்கோணும். உங்கட மகன்ட மிஸ் சொன்னது இதத்தான் என்டு நினைக்கிறன்.

தண்ணி வத்திப்போச்சு. வாறன்.

ஜனவரி 8, இரவு 10.05
"அப்ப மழைக்கு ஸ்கூல் மூடுறதுதானே பிரச்சினை, மூடாம விட்டா சரி" என்டு ஒருத்தர் எழுதியிருக்கார். இல்ல அண்ணே. மூடுற நாள் எங்களுக்குப் பெரிய பிரச்சினையே இல்ல. மூடாத நாள்தான் பிரச்சினை.

மூடினா அது எல்லாருக்கும் ஒரே லீவு. அடுத்த நாள் விட்ட இடத்தில இருந்து தொடங்கலாம். ஆனா மழை நாள்ல பள்ளிக்கூடம் திறந்திருக்கும், பிள்ளைகள்ல அரைவாசி வராது. ஆர் வருவாங்க ஆர் வரமாட்டாங்க என்டது எனக்கு மனப்பாடம். கொட்டாஞ்சேனை, ஜம்பட்டா வீதி, மட்டக்குளி பக்கத்துப் பிள்ளைகள் நடந்தே வந்திரும். வத்தளை, பேலியகொடப் பக்கம் வராது, களனிப் பாலத்தில ட்ராஃபிக் நிண்டா பஸ் அசையாது, தாய்மார் ஆறு மணிக்கே வாட்ஸ்அப்பில "மிஸ் இண்டைக்கு ஏலாது" என்டு போட்டிருவினம். வெள்ளவத்தையில இருந்து வாற நானே 155 பஸ்ஸுக்கு நிண்டு நிண்டு கடைசில த்ரீவீல்ல போய் இறங்குற ஆள், பிள்ளைகள என்னத்தச் சொல்ல.

வந்த பிள்ளைகள் சப்பாத்தக் கழட்டி ஃபேனுக்குக் கீழ வரிசையா வைக்கும். கொப்பி நனைஞ்சு தாள் எல்லாம் ஒட்டிக்கிடக்கும், நீலப் பேனையால எழுதினது மறுபக்கத்துக்கு ஊறியிருக்கும், அத மெதுவா ஊதி ஊதிப் பிரிப்பாங்க. போர்ட் ஈரம், சோக் வழுக்கும், எழுதினா ஒரு எழுத்துத் தெரியும் ஒரு எழுத்துத் தெரியாது. சரி, இது எல்லாத்தையும் சமாளிக்கலாம். புதுப் பாடம் எடுக்கிறதா விடுறதா? எடுத்தா வராத பிள்ளைக்குத் திரும்ப எடுக்கோணும், வந்த பிள்ளை ரெண்டாம் தரம் கேக்க மாட்டான், பின்வரிசை வாங்குல இருந்து அலப்பறை. எடுக்காம விட்டா, நனைஞ்சு வந்த பிள்ளைக்கு "ஏன் வந்தன்" என்டு இருக்கும், அடுத்த மழைக்கு அதுவும் வராது.

இதுக்கு மேல ரிலீஃப். வராத டீச்சர்ட வகுப்புக்கு ஆர் போறது? இங்கிலீஷ் மிஸ். "இங்கிலீஷ் எல்லா வகுப்புக்கும் பொதுதானே மிஸ்" என்டு உப அதிபர் சிரிச்சுக்கொண்டே பேப்பர நீட்டுவார். பத்தாம் வகுப்பில ரெண்டு பிரிவையும் ஒன்டாக்கி ஒரே அறையில போட்டு என்னட்டத் தந்திருவார். ஒரு பிரிவில பாஸிவ் வொய்ஸ் முடிஞ்சுது, மத்ததில தொடங்கவே இல்ல.

ஜனவரி 9, இரவு 11.30
கனடாக் கதைக்கு வாறன். அக்காட மகள் ரொறன்ரோவில, ஸ்காபரோப் பக்கம் ஹைஸ்கூல் இங்கிலீஷ் டீச்சர். உங்கட கேள்விய அப்பிடியே அனுப்பினன், வொய்ஸ் நோட்ல சிரிச்சாள். அங்கயும் இதே கூத்துத்தான், சாமான்தான் வேற.

விடிய மஞ்சள் பஸ் ஓடாது என்டு அறிவிப்பு வரும், ஆனா பள்ளிக்கூடம் திறந்திருக்கும். ரொறன்ரோவில அதுதான் வழக்கமாம். நடந்து வாற தூரத்தில இருக்கிற பிள்ளை வரும், தாய் தகப்பன்ட கார் இருக்கிற பிள்ளை வரும், மிச்சம் வீட்டில. இவள் ஸ்நோ தள்ளி, கார் கண்ணாடியில ஐஸ் சுரண்டி, விடிய வெள்ளனப் புறப்பட்டுப் போனா வகுப்பில மூண்டில ஒரு பங்குதான் இருக்குமாம். அண்டைக்கு எழுத வைக்க இருந்த கட்டுரை டெஸ்ட தள்ளோணும். தள்ளினா செமெஸ்டர் முடியிற ஜனவரிக் கடைசிப் பரீட்சையோட போய் முட்டும்.

"அங்க ஸ்கூல் மூடவே மாட்டாங்க" என்டு நேத்து ஒருத்தர் எழுதினார், அதுவும் பிழை. 2022 ஜனவரி 17 பெரிய ஸ்நோ ஸ்டோர்ம், ரொறன்ரோ ஸ்கூல் எல்லாம் பூட்டு. கொரோனா ஒன்லைன் முடிஞ்சு பிள்ளைகள் வகுப்புக்குத் திரும்புற முதல் நாள் அது, அதுவே நடக்கேல்ல. அக்காட மகள் அண்டைக்கு லெசன் ப்ளான், கதிரை ஒழுங்கு எல்லாம் செஞ்சு வச்சிட்டு வீட்டில இருந்து ரொட்டி சுட்டதாம்.

ஒரு வித்தியாசம் இருக்கு. அங்க டீச்சர் ரூமில கணக்குப் படிப்பிக்கிற மாக்ஸ் மிஸ் வந்து இங்கிலீஷ் பீரியட்டக் கடன் கேக்கிறேல்ல. இங்க இங்கிலீஷ் ரெண்டாம் மொழி, அத வெட்டலாம் என்டு எல்லாருக்கும் ஒரு நினைப்பு.

ஜனவரி 11, காலை
ஒருத்தர் கேட்டது: மழை சரி, ஜனவரில மழை விட்டிருமே, பிறகென்ன?

பிறகு காத்து. வடகீழ் காத்து தரைப்பக்கமா, மலையத் தாண்டி வரேக்க கொழும்புக்கு ஈரமில்லாம வரும். இரவு குளிரும், விடியக் காத்து அசையாம நிக்கும். வாகனப் புகையும் ஹார்பர் பக்கத்து லொறிப் புழுதியும் மேல போகாம தெருவிலயே தங்கும், போதாததுக்கு வட இந்தியாப் பக்கத்துப் புகையும் கடல் தாண்டி வருகுது. 2022 டிசம்பர் ஞாபகமா? மண்டூஸ் புயல் நேரம், கொழும்பு முழுக்க சாம்பல் மூட்டம், 9ம் திகதி நாடு முழுக்கப் பள்ளிக்கூடம் மூடினாங்க. வடக்குக் கிழக்கில குளிர் தாங்காம மாடுகள் செத்தது. எங்களுக்கு மூச்சுப் பிரச்சினை.

இப்ப அந்தளவு இல்ல, ஆனா ஏழரை மணிக்கு வகுப்புக்குள்ள போனா தும்மல் ஒரு மூலையில தொடங்கி மற்ற மூலை வரைக்கும் போகும். எனக்கு டிசம்பர்ல இருந்து தொண்டை கரகரப்பு. கொத்தமல்லி அவிச்சுக் குடிக்கிறன், வீட்டில எல்லாரும் ஆளுக்கொரு மருந்து சொல்றாங்க.

மாஸ்க் போட்டா என்ன என்டு கேப்பீங்க. மாக்ஸ் மிஸ்ஸுக்கு மாஸ்க் பிரச்சினையில்ல. எங்கட பிள்ளைகளுக்கு எஃப் சத்தமும் பி சத்தமும் ஒன்டாத்தான் வரும், மேல் பல்லு கீழ் உதட்டில படுறத என்ட வாயப் பாத்துத்தான் பழகுதுகள். மாஸ்க்கோட நிண்டு "ஃபேன்" என்டு சொன்னா முழு வகுப்பும் "பேன்" என்டு திருப்பிச் சொல்லும், நான் தலையப் பிடிச்சுக்கொண்டு இருப்பன். கழட்டினா இருமல். எட்டாம் வகுப்பில ஒரு சின்னவன் "மிஸ் ஜன்னலுக்கு வெளியில நிண்டு காட்டுங்க" என்டான். செஞ்சு பாத்தன், வேலை செஞ்சுது. பியோன் ஐயா என்னை ஒரு மாதிரிப் பாத்துக்கொண்டு போனார்.

ஜனவரி 13, போயா (பௌர்ணமி)
லீவு. எல்லாரும் குளிர் குளிர் என்டதால உண்மையான குளிரச் சொல்றன்.

என்ட முதல் நியமனம் நுவரெலியாப் பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கூடம். நுவரெலியா டவுன் 1,868 மீற்றர், எங்கட பள்ளிக்கூடம் கொஞ்சம் கீழ. ஜனவரி, பெப்ரவரில சில விடியல்ல புல்லு முழுக்க வெள்ளையா உறைபனி நிக்கும். அத அழகு என்டு ஃபோட்டோ எடுக்கிறது கொழும்பில இருந்து போற ஆக்கள். தோட்டத்து ஆக்களுக்கு வயிறு எரியும், வெய்யில் பட்டதும் தேயிலைக் கொழுந்து கருகிப்போகும், கொழுந்து இல்லாட்டி கிலோக் கணக்குக் குறையும், சம்பளமும் குறையும். அம்மாமார் மலைக்குப் போக முந்தி பிள்ளைய வெளிக்கிடுத்தி விடோணும், அது இருட்டுக்குள்ள, பனி மூட்டத்துக்குள்ள. ஏழரைக்கு மணி அடிச்சாலும் வகுப்பு நிரம்புறது எட்டு மணி தாண்டித்தான். வந்த பிள்ளைக்கு விரல் மடங்காது. பென்சில முழுக் கையாலயும் பொத்திப் பிடிச்சு எழுதும், எழுத்து கோடு தாண்டி ஓடும்.

அங்க இருந்த பழைய சேர் ஒருத்தர்தான் வழி சொல்லித் தந்தவர். முதல் ரெண்டு பீரியட் கொப்பியே திறக்காத, கதைக்க வை, பாட வை, நிக்க வச்சுக் கேள்வி கேள், வெய்யில் வராந்தாவுக்கு வந்ததும் வெளியில இருத்தி எழுத்து வேலை குடு. அப்பிடியே செஞ்சன். டைம்டேபிள்ல என்ன போட்டிருந்தாலும் வெய்யில் எங்க நிக்குது என்டு பாத்துத்தான் பாடம். ஸோன்ல (கல்வி வலயத்தில) இருந்து ஒரு இங்கிலீஷ் ஆலோசகர் வந்து "ஏன் பிள்ளைகள் வெளியில" என்டு கேட்டார், பிறகு அவரும் ஒரு கதிரைய இழுத்து வெய்யில்லயே இருந்துட்டார்.

கொழும்பில அந்தச் சுதந்திரம் கிடைக்காது. மணிக்கு மணி, 40 நிமிசத்துக்கு 40 நிமிசம்.

ஜனவரி 14
பொங்கல் வாழ்த்துக்கள் எல்லாருக்கும். தேங்காய் விக்கிற விலைக்குப் பொங்கலுக்குப் பால் பிழியவே கை நடுங்குது. இண்டைக்குப் பாடக் கதை இல்ல.

ஜனவரி 16, இரவு
"மழை நாள்ல சூம் போடலாமே மிஸ்" என்டு ஒரு தங்கச்சி. போடலாம். 2020, 2021ல போட்டோம்தானே, என்ன நடந்தது என்டு தெரியும். வீட்டுக்கு ஒரு ஃபோன், அது அப்பாட கையில, அப்பா ஹார்பர் வேலைக்குப் போயிட்டார். மூண்டு பிள்ளைகள் உள்ள வீட்டில ஃபோன் மூத்த ஏ.எல் பிள்ளைக்கு. டேட்டா கார்ட் போட்டா பாதியில முடிஞ்சிரும். மழைக்குக் கரண்டும் போகும்.

ஆனா அந்தக் காலத்தில இருந்து ஒன்ட மட்டும் இண்டைக்கும் விடேல்ல: வொய்ஸ் நோட். மழை என்டு வராத பிள்ளைக்கு இரவு ஒரு கேள்வி அனுப்புவன், வீட்டு ஜன்னலால என்ன தெரியுது, இங்கிலீஷில சொல்லு, அரை நிமிசம் போதும். அப்பா வேலை முடிஞ்சு வந்ததும் அனுப்பட்டும், பத்து மணி என்டாலும் பரவாயில்ல. வகுப்பில வாயே திறக்காத ஒரு பிள்ளை இருக்கு, எழுப்பினா கண்ணு கலங்கும். அவள் பாத்ரூமுக்குள்ள இருந்து அனுப்புறாள், எதிரொலி கேக்குது, பின்னால வாளியில தண்ணி விழுற சத்தமும் கேக்குது, ஆனா முழு வசனம் சொல்றாள். தங்கச்சிமார் சிரிப்பாங்க என்டு பாத்ரூமுக்குள்ள போறாளாம். ஓ.எல்லில பேச்சுக்கு மார்க்ஸ் இல்ல, எழுத்துப் பேப்பர் ரெண்டும்தான், அதால நாள் குறைஞ்சா எல்லாரும் முதல்ல வெட்டுறது பேச்சுப் பயிற்சியத்தான். நானும் வெட்டுறனான், அது வேற கதை, நேரம் இல்லாட்டி என்ன செய்ய.

ஜனவரி 18, சனி
8ம் திகதி எழுதினதுக்கு ஒரு டீச்சர் கேட்டா: அரைவாசிப் பிள்ளைகள் வாற நாள்ல நீங்க என்னதான் செய்யிறீங்க, புலம்புறதோட முடிச்சிட்டீங்க.

நியாயம். நான் செய்யிறதச் சொல்றன், உங்கட வகுப்புக்குச் சரி வருமோ தெரியாது. சிலபஸோட ஒட்டாத, அண்டைக்கே தொடங்கி அண்டைக்கே முடியிற வேலை ஒரு ஃபைல் நிறைய வச்சிருக்கிறன். வராத பிள்ளைக்கு நட்டமில்ல, வந்த பிள்ளைக்கு லாபம். அதில நல்லா ஓடுறது வெள்ளக் கணக்கு. எங்கட பிள்ளைகளுக்கு களனி ஆத்துத் தண்ணி மட்டம் காட்டுற நாகலகம் வீதி அளவுமானி அத்துப்படி, கிராண்ட்பாஸ் பிள்ளைகள் மழை நாள்ல வந்ததும் "மிஸ் இப்ப இத்தன அடி" என்டுதான் குட் மோர்னிங்கே சொல்லும். 5 அடி தாண்டினா சிறு வெள்ளம், 7 தாண்டினா பெரு வெள்ளம். அந்த நம்பர்கள போர்டில எழுதி, பிள்ளைகள வச்சு சலாகை வரைபு (பார் சார்ட்) கீறி, அத இங்கிலீஷில விவரிக்கச் சொல்லுவன். கூடினது, குறைஞ்சது, அப்பிடியே நிண்டது, ஆகக் கூடினது எப்ப. ஓ.எல் ரெண்டாம் பேப்பர்ல வரைபு பாத்து எழுதுற கேள்வி வாறது எல்லா டீச்சருக்கும் தெரியும். பாஸ்ட் பேப்பர்ல "ஒரு வகுப்பு மாணவருக்குப் பிடிச்ச விளையாட்டு" என்டு இருந்தா கொட்டாவி விடுற பிள்ளை, சொந்த லேனுக்குள்ள தண்ணி வருமா வராதா என்டு இருக்கேக்க எழுந்து நிண்டு எழுதும். "ரைஸிங்" என்ட சொல்ல நான் படிப்பிக்கவே இல்ல, ஆறு படிப்பிச்சுது.

ஒரு எச்சரிக்கை. வீட்டுக்குள்ள உண்மையாத் தண்ணி வந்த நாள்ல இதச் செய்யாதீங்க. அக்டோபர் வெள்ளத்துக்குப் பிறகு பள்ளிக்கூடம் திறந்த அண்டைக்கு ஒரு பிள்ளை வரைபு கீற மாட்டன் என்டுது, கொப்பியெல்லாம் போயிட்டுதாம். அண்டைக்கு நான் அந்த ஃபைலத் திறக்கேல்ல, எல்லாருமா இருந்து அந்தப் பிள்ளைக்கு நோட்ஸ் எழுதிக் குடுத்தோம்.

ஜனவரி 21
இண்டைக்கு வெய்யில், மழை இல்ல, புழுதி மட்டும். பதினொன்டுக்கு ரெண்டு பீரியட் இங்கிலீஷ். ரெண்டையும் மாக்ஸ் மொடல் பேப்பருக்கு எடுத்திட்டாங்க. காரணம் கேட்டா "நவம்பரில நாள் போயிட்டுதே மிஸ்". நவம்பரில எனக்கு மட்டும் போகேல்லயா? மழை எல்லார்ட வீட்டிலயும்தானே பெஞ்சுது. ஸ்டாஃப் ரூமில ஒரு வார்த்தை கதைக்காம ப்ளேன் டீ குடிச்சிட்டு வந்தன். மாக்ஸ் மிஸ் வடை வாங்கித் தந்தா. வடைய வாங்கிட்டன், பீரியட்டையும் திருப்பிக் கேட்டிருக்கிறன்.

ஜனவரி 22
ரெண்டில ஒன்டு திரும்பி வந்திட்டுது. வியாழன் கடைசி பீரியட். கடைசி பீரியட் எப்பிடி இருக்கும் என்டு ஒருத்தருக்கும் சொல்லத் தேவையில்ல.

ஜனவரி 24, இரவு
2024ம் வருசத்துக் கடைசித் தவணை இண்டையோட முடிஞ்சுது, 2025 ஜனவரி 24ல. கொரோனாவுக்குப் பிறகு எங்கட வருசம் எப்ப முடியுது எப்ப தொடங்குது என்டு விளங்கப்படுத்தினா கனடாவில இருக்கிற அக்காட மகள் நம்புறாள் இல்ல.

கேள்வி கேட்ட தகப்பனுக்கு: கூட்டத்தில "ஏன் முடிக்கேல்ல" என்டு கேட்டா மிஸ்ஸுக்குப் பதில் சொல்லவும் சங்கடம், உங்களுக்கும் ஒன்டும் கிடைக்காது. மகன்ட கொப்பியோட போங்க. எந்தப் பாடத்துக்கு மகன் வகுப்பில இல்ல என்டு திகதிய வச்சு ரெண்டு பேரும் பாருங்க, அந்த இடங்கள் மட்டும்தான் ஓட்டை, முழுப் புத்தகமும் இல்ல. மார்ச் 17க்கு இன்னும் நாள் இருக்கு. எழுதுற பேப்பரில கட்டுரையும் வரைபும் கிழமைக்கு ஒவ்வொன்டு எழுதி மிஸ்ஸிட்டக் குடுக்கச் சொல்லுங்க, திருத்தித் தரமாட்டன் என்டு எந்த மிஸ்ஸும் சொல்லமாட்டா, சொன்னா இங்க வந்து எழுதுங்க, அவவையும் ஒரு பிடி பிடிக்கலாம்.

27 திங்கள் புதுத் தவணை, புது டைம்டேபிள். உப அதிபரிட்ட இப்பவே சொல்லி வச்சிருக்கிறன், பத்தாம் வகுப்பு இங்கிலீஷ் முதல் பீரியட்டும் வேணாம், கடைசி பீரியட்டும் வேணாம். முதல் பீரியட் மழைக்கும் ட்ராஃபிக்குக்கும் போகும், கடைசி பீரியட் பசிக்குப் போகும். இடைவேளைக்கு முந்தினதத் தாங்க என்டன். "அத எல்லாரும்தான் மிஸ் கேக்கிறாங்க" என்டார். வாற வெள்ளிக்கிழமை ட்ராஃப்ட் வருமாம், வந்தா எழுதுறன்.